பெண்பிள்ளைகளின் கக்கூஸ் பூட்டியிருந்த வருடம்

நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் எழுதியிருந்தார்: "அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் ஒழுக்கம் இருந்தது. மணி அடிக்கும்வரை ஒரு பிள்ளை வாங்குப் பலகையைவிட்டு எழும்பாது." அதற்குக் கீழே நீங்கள் இருபது பேர் இதயம் போட்டிருந்தீர்கள். நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்று உங்களில் ஒருத்தி தனியாகக் கேட்டாள். அவளுக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுதக் கோபம் ஏறியதால், எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன். அறுபதைத் தாண்டிவிட்டோம். இனி எந்த டீச்சருக்குப் பயப்படப் போகிறோம்?

மணி அடிக்கும்வரை நாம் எழும்பாததற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை. எழும்பிப் போக நமக்கு ஓர் இடம் இருக்கவில்லை.

நாம் நாலாம் வகுப்பில் இருந்த வருடம் அது. பள்ளிக்கூடத்தின் பின்மதிலோரம், பூவரசு மரத்துக்குக் கீழே மூன்று கதவுகள் இருந்தன. முதலாவது ஆசிரியர்களுக்கு. இரண்டாவது ஆண்பிள்ளைகளுக்கு. அவர்கள் அதற்குள் போனதேயில்லை. மதிலுக்குப் பின்னால் போனார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது நமக்கு. அதில் துருப்பிடித்த ஆமைப்பூட்டு ஒன்று தொங்கியது. "நீங்க துப்புரவா வெச்சிருக்க மாட்டீங்க, அதான் பூட்டியிரிக்கி" என்று பள்ளிக்கூட அதிபர் காலைக் கூட்டத்தில் சொன்னார். திறப்பு, அந்தப் பூட்டின் சாவி, அவருடைய அறையில் இருந்தது. வேண்டியவர்கள் வந்து கேட்கலாம் என்றார். நீங்களே சொல்லுங்கள்: ஒன்பது வயதுப் பெண்பிள்ளை, அத்தனை ஆண் ஆசிரியர்கள், சேர்மார், உட்கார்ந்திருக்கும் அறைக்குள் போய், "ஒண்டுக்குப் போகோணும்" என்று எப்படிச் சொல்வாள்? யாரும் போகவில்லை.

அதற்குப் பதிலாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். யாரும் கற்றுத்தரவில்லை, நாமே கண்டுபிடித்தோம். காலைத் தேத்தண்ணியில் பாதியை முற்றத்தில் ஊற்றிவிட்டு வந்தோம். இடைவேளையில் கிணற்றடியில் வாய் கொப்பளித்துத் துப்பினோம், விழுங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அருகில் வீடு உள்ளவர்கள் ஓடிப்போய் வந்தார்கள். என் வீடு கடற்கரைப் பக்கம். மாசி வெயிலில் அந்த மணலில் ஓடினால் கால் வெந்துவிடும். காலை ஏழரை மணிக்கு அடக்கினால், பகல் இரண்டு மணிக்கு வீட்டு வேலியைக் கண்ட பிறகுதான் விடுவேன். சில நாள் வேலிவரைக்கும்கூடத் தாங்காது.

முதலில் எரிந்தது. பிறகு அடிவயிறு இழுத்துப் பிடித்தது. அப்புறம் அடிக்கடி வரத் தொடங்கியது. போனால் நாலு சொட்டு. படுக்கையிலும் போனது. காலையில் பாயைச் சுருட்டி ஒளிப்பேன். உம்மா கண்டுபிடித்துக் கழுவி வேலியில் விரிப்பார். பன்பாயின் சிவப்புச் சாயம் ஊறிப் பரவியிருக்கும். தெருவால் போகிறவர்கள் அந்தப் பாயையும் என்னையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

அது அறுவடைக் காலம். வாப்பா வட்டையில், வயல் நடுவிலுள்ள வாடிக் குடிசையிலேயே தங்கியிருந்தார். வீட்டில் வாப்பாவின் தங்கை, என் மாமி, சொன்னதுதான் சட்டம்.

"குமருப்புள்ள மாதிரி வளந்திரிக்கா, பாய நனைக்கா. மச்சி, அஸருக்குப் பொறகு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காதீங்க. ரெண்டு நாளையில நிக்கும்."

உம்மா அப்படியே செய்தார். தண்ணீர்ப் பானையின் மூடி மேல் அம்மிக் குழவியை வைத்தார். காலையில் நானாகவே குடிக்கவில்லை. மாலையில் என்னைக் குடிக்க விடவில்லை. ஒரு நாளில் எனக்குள் போன தண்ணீர் எவ்வளவு என்று இப்போது நினைத்தாலும் நாக்கு உலர்கிறது.

நிற்கவில்லை. பயந்திருக்கிறாள் என்று மாமி என்னைப் பள்ளிவாசலில் ஓதும் லெவ்வையிடம் கூட்டிப் போனார். அவர் வயதானவர், மென்மையான குரல். ஒரு போத்தல் தண்ணீரில் ஓதி ஊதித் தந்தார். பின்னேரமானால் அதில் ஒரு கோப்பை. அந்தி நேரத்தில் எனக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே தண்ணீர் அதுதான். அதற்காகவே நாள் முழுக்கக் காத்திருந்தேன். என் ஆவலைப் பார்த்து, "பாத்தீங்களா, குணம் தெரியிது" என்றார் மாமி.

ஆனால் அந்த லெவ்வை இன்னொன்றும் சொன்னார். "இதோட விட்றாதீங்க. இது ஏதோ நோய், வருத்தம் மாதிரி இரிக்கி. டொக்டருக்கும் காட்டுங்க" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வீட்டுக்கு வந்த மாமி உம்மாவிடம் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார், அந்தப் பேச்சைக் கொடுக்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர்கள் கதைக்கும்போது வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

அடுத்தது உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். கணக்குப் பாடம். நான் கையைத் தூக்கினேன்.

"என்ன?"

"டீச்சர், வீட்ட போய்த்து வாறன்."

"இரி."

மீண்டும் தூக்கினேன். "நடிக்கா" என்றார் டீச்சர், வகுப்பைப் பார்த்து. மூன்றாம் முறை தூக்கியபோது அவர் கரும்பலகையிலிருந்து திரும்பவில்லை. அதற்குள் முடிந்துவிட்டது. வாங்கில் சூடாகப் பரவியது. பக்கத்தில் இருந்தவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு துள்ளினாள். கரும்பலகை துடைக்கும் துணியை டீச்சர் என் மேல் எறிந்தார். வாங்கைத் துடைக்கச் சொன்னார், பிறகு நிலத்தை. அதன்பின் மணி அடிக்கும்வரை வாசலில் நிற்கச் சொன்னார். நின்றேன். வெள்ளைச் சட்டையில் சோக்குத் தூள் படிந்து, ஈரத்தில் ஒட்டிக் கோடு கோடாகக் காய்ந்தது. நீங்கள் சிரித்தீர்கள். உங்களைக் குறைசொல்லவில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிரிக்கச் சொல்லித் தந்தவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாரே.

மூன்று நாள் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வந்தன. பல் கிடுகிடுத்தது. முதுகின் இடப்பக்கத்தில் யாரோ உலக்கையால் இடிப்பதுபோல நோவு. வாளியில் விழுந்தது வெறுந்தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அதைக் கண்டதும் உம்மா மாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தார், ஒன்பது வயதுப் பிள்ளையை. கல்முனை ஆஸ்பத்திரிவரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தார்.

சிறுவர் வாட்டில் வெள்ளை அடித்த இரும்புக் கட்டில்கள். டெட்டோல் மணம், காய்ச்சின பால் மணம், எங்கோ ஒரு பிள்ளை வாந்தியெடுத்த மணம். வந்த டொக்டர் இளம் பெண், யாழ்ப்பாணத்துப் பேச்சு. அவர் உம்மாவிடம் கேட்காமல் என்னிடம் கேட்டார்.

"சலம் போகேக்க எரியிறதோ பிள்ளை?"

சலம் என்றால் மூத்திரம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. உம்மா பதில் சொல்லப் பார்த்தார்.

"பொறுங்கோ அம்மா. பிள்ளை சொல்லட்டும்."

என் வருத்தத்தைப் பற்றி என்னிடமே கேட்ட முதல் மனிதர் அவர்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டு, கணக்குப் பாடம், அம்மிக் குழவி, எல்லாம். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"தண்ணி குடுக்க வேண்டாமெண்டு ஆர் சொன்னது?"

மாமி பக்கத்தில்தான் நின்றார், பிந்தி வந்திருந்தார். கூரையைப் பார்த்தார். உம்மா சொன்னார்: "நான்தான் டொக்டர். நான்தான் குடுக்கல்ல."

டொக்டர் கத்தவில்லை. "அடக்கி அடக்கி வைச்சால், தண்ணியும் குடியாட்டில், கிருமி சிறுநீரகம்வரை ஏறும். ஏறியிட்டுது. பிள்ளையில ஒரு பிழையும் இல்லை. பழக்கமும் இல்லை, பயமும் இல்லை. வருத்தம்." கடைசிச் சொல்லை என்னைப் பார்த்துச் சொன்னார். அழுகை வந்தது. நான் கெட்ட பிள்ளை இல்லை என்று டொக்டரே சொல்லிவிட்டார்.

காலையும் மாலையும் ஊசி. மணிக்கொரு கோப்பை தண்ணீர். உம்மா அந்தக் கோப்பையைக் கையில் வைத்தபடியே இருந்தார். நான் கண்ணைத் திறந்தால் கோப்பை. திரும்பிப் படுத்தால் அங்கும் கோப்பை. "வயிறு வெடிச்சிரும் உம்மா" என்றால், "குடி மகள், ஒரு மொடக்குக் குடி" என்பார். வேறு எந்த மன்னிப்பும் அவர் கேட்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

பக்கத்துக் கட்டிலில் பாண்டிருப்புப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். ஏழு வயது. முகம் உப்பி, கண் இரண்டும் கோடாகிவிட்டன. காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வீக்கம் தொடங்கியபோது அயலவர்கள், "புள்ள இப்பதான் கொழுத்து வாறா" என்றார்களாம். அவளுடைய அம்மாவும் சந்தோஷப்பட்டு முட்டையும் மீனும் கூடுதலாகக் கொடுத்தாராம். அவளுக்கும் சிறுநீரகத்தில்தான் வருத்தம், ஆனால் வேறு வகை. காலையில் தாதி மிஸ்ஸி எங்கள் இருவருடைய சலத்தையும் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். என்னுடையது இலேசாகக் கலங்கும். அவளுடையது அவித்த முட்டை வெள்ளைபோல உறையும்.

என்னைக் குடி குடி என்றார்கள். அவளுக்குத் தண்ணீர் அளந்து கொடுத்தார்கள். உப்பே இல்லாத சோறு. நான் குடிக்கும்போது அவள் கோப்பையையே பார்ப்பாள். தண்ணீருக்காக ஏங்குவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று அவளுடைய அம்மா என்னிடம் கெஞ்சிச் சொல்லியிருந்தார். ஆனால் உப்பைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு பகல், உம்மா பொரித்துக் கொண்டுவந்த கருவாட்டில் இரண்டு துண்டை அவளிடம் நீட்டினேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தின்றாள். முள்ளையும் தின்றாள். அடுத்த நாள் இன்னும் இரண்டு.

மூன்றாம் நாள் அவளை நிறுத்துப் பார்த்த மிஸ்ஸி, தராசு முள்ளைக் கண்டு கத்தத் தொடங்கினார். "எடை கூடியிரிக்கி! உப்புக் குடுத்திருக்கீங்க! இந்தச் சனத்துக்குச் சொன்னா மண்டையில ஏறாது. புள்ளயக் கொல்லவா இஞ்ச கொண்டுவந்த?"

"சத்தியமா நான் ஒண்டும் குடுக்கல்ல மிஸ்ஸி."

"பொய் வேற!"

முழு வாட்டும் பார்த்தது. அந்த அம்மா மகளின் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு வாசலில் நின்ற எனக்கு, எல்லோரும் பார்க்க ஒருவர் குறுகி நிற்பது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

பின்னேரம் டொக்டர் வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் என் தலையில் கையை வைத்துவிட்டு, நேராக அந்த அம்மாவிடம் போனார். "அம்மா, உங்களில பிழை இல்லை. குறை நினைக்காதேங்கோ" என்றார். மிஸ்ஸி மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கடைசிவரை அந்த அம்மாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. இத்தனை வருடங்களில் எத்தனை வாட்டுகளில் இதைப் பார்த்துவிட்டேன்! பிள்ளை வீங்கினால் தாய் பிழை, மெலிந்தால் தாய் பிழை, நனைத்தால் பிள்ளை பிழை.

அந்தப் பிள்ளைக்குக் குளிசை மருந்து பிடித்தது. ஒரு கிழமைக்குப் பிறகு அவளுக்குச் சலம் போகத் தொடங்கியது. போத்தல் போத்தலாகப் போனது. ஒரு காலையில் கண் விழித்தால் பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ இருந்தாள். பெரிய கண்கள், குச்சிக் கால்கள். "நான்தான்" என்று சிரித்தாள். அவளுடைய அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "என்ட புள்ள இவ்வளவு மெலிஞ்சவளா? இதையா நான் கொழுத்ததெண்டு நெனச்சன்?" என் உம்மா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு வீக்கம் பிறகும் இரண்டு தரம் வந்து மாறியது. இப்போது அவளுக்குப் பேரப்பிள்ளைகள். இன்றும் என்னோடு கதைப்பாள்.

எனக்குக் காய்ச்சல் போனது. வடு போகவில்லை. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் பார்த்த டொக்டர், "இடது சிறுநீரகம் சுருங்கியிரிக்கி. சின்ன வயசுல கடுமையான காய்ச்சல் ஏதும் வந்ததா?" என்று கேட்டார். ஒவ்வொரு காலையும் நான் விழுங்கும் பிரஷர் குளிசை, உங்கள் ஒழுக்கத்தின் மிச்சம்.

பழங்கதை என்று தள்ளிவிடவும் வேண்டாம். போன மாதம் என் மகளின் மகள் இதே வருத்தத்தோடு வாட்டில் கிடந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏன் போவதில்லை என்று கேட்டேன். "நாத்தம். கதவுக்குக் கொளுக்கியும் இல்ல" என்றாள். "டீச்சரிட்டச் சொன்னியா?" என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கம் வந்தது.

இனி, நீங்கள் மறந்துவிட்ட அந்த நாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒரு கடிதம் தந்தார். இந்தப் பிள்ளை நினைத்த நேரம் தண்ணீர் குடிக்க வேண்டும், நினைத்த நேரம் கக்கூசுக்குப் போக வேண்டும் என்று. உம்மா அதை எடுத்துக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எங்கள் தெருவில்கூட முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடக்கிற மனுசி அவர். அதிபர் கடிதத்தைப் படித்து மடித்து மேசையில் வைத்தார்.

"ஒரு புள்ளைக்கு இப்புடிக் குடுத்தா, எல்லாப் புள்ளையளும் கேக்கும்."

"கேக்கட்டுமே சேர். எல்லாருக்கும் வாறதுதானே."

பக்கத்தில் இருந்த சேர் ஒருவர் இருமினார். அதிபர் முகம் சிவந்தார். "திறப்பு எங்கயோ வெச்ச. தேடிப் பாக்கணும். நாளைக்கி வாங்க."

"தேடுங்க சேர். நான் நிக்கன்."

மேசை லாச்சியைத் திறந்து மூடினார்கள். அலுமாரியைத் திறந்து மூடினார்கள். திறப்பு எப்போதோ தொலைந்துவிட்டது. அது தொலைந்ததுகூட யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஏனென்றால் அதை யாரும் கேட்டதில்லை.

உம்மா வெளியே இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். பூவரசு மரத்தடியில் கிடந்த கருங்கல்லைத் தூக்கி, இரண்டு கையாலும் பூட்டில் போட்டார். நாலாவது அடியில் பூட்டு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு எல்லா வகுப்பு யன்னல்களிலும் தலைகள் முளைத்தன.

கதவைத் திறந்தார். உள்ளே கக்கூஸ் தெரியவில்லை. கால் உடைந்த கதிரைகள், பலகை போன வாங்குகள், விளையாட்டுப் போட்டிக்கு நட்ட கம்புகள், கறையான் அரித்த சோதனைத் தாள்கள், கூரைவரை அடுக்கியிருந்தன. நமக்கென்று கட்டிய இடத்தைப் பழைய சாமான் போட எடுத்துக்கொண்டு, நாம் துப்புரவில்லாதவர்கள் என்று காலைக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள்! அதை நம்பி வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அதிபரும் டீச்சரும் வந்து நின்றார்கள். உம்மா திரும்பினார்.

"சேர், இதுக்குள்ள என்ட மகள் ஊத்தையாக்கினது எதெண்டு காட்டுங்க."

அதிபர் கறையான் அரித்த தாள் ஒன்றைக் காலால் ஒதுக்கினார்.

"தளபாடம் வெக்க வேற எடம் இல்லாமத்தான்…" என்று டீச்சர் தொடங்கினார்.

"கதிரைக்கு எடம் இல்லாததுக்கு என்ட புள்ள ஆஸ்பத்திரியில கெடந்தா டீச்சர்."

உம்மா முக்காட்டை இடுப்பில் செருகினார். ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அதிபரின் அறை வாசலில் வைத்தார். திரும்பி வந்து இன்னொன்று. மூன்றாவதைத் தூக்கும்போது ஏழாம் வகுப்புப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேர், யாரும் கூப்பிடாமலே வந்து மறுபக்கத்தைப் பிடித்தார்கள். பிறகு நாலு பேர். வகுப்புக்குப் போகச் சொல்லி யாரும் அதட்டவில்லை. அறை வாசல் நிரம்பி, விறாந்தையும் நிரம்பியபோது, அடியில் கக்கூஸ் தெரிந்தது. கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வந்தது. உம்மா குந்தியிருந்து தேங்காய்த் தும்புக்கட்டையால் உரஞ்சினார், மூலையில் ஒட்டியிருந்த பல்லி முட்டைவரை.

"போ மகள்" என்றார்.

நான் உள்ளே போனேன். கதவுக்குக் கொளுக்கி இல்லை. உம்மா வெளியிலிருந்து முதுகைக் கொடுத்து நின்றார். ஈரச் சீமெந்து மணத்தது. ஓட்டு ஓட்டையால் வெயில் ஒரு காசளவு நிலத்தில் விழுந்திருந்தது. குந்தினேன். வரவில்லை. அத்தனை மாதம் அடக்கிப் பழகிய உடம்பு, விடு என்றால் விடத் தெரியாமல் முழித்தது. வெளியே முழுப் பள்ளிக்கூடமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

"உம்மா, வரல்ல."

"அவசரமில்ல. ஆறுதலா இரி. நான் நிக்கன்."

மணலில் கால்கள் அரையும் சத்தம் கேட்டது. ஒரு பிள்ளையின் குரல், மிக மெதுவாக, உம்மாவிடம்: "மாமி, அவக்குப் பொறகு நான் போகவா?"

"ஓம் மகள், வா."

"அதுக்குப் பொறகு நான்."

"நானும் மாமி."

"எல்லாரும் போகலாம். ஒராள் ஒராளா வந்து நில்லுங்க" என்றார் உம்மா. அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வந்துவிட்டது.

அன்று பள்ளிக்கூடம் விடும்வரை உம்மா அந்தக் கதவைவிட்டு நகரவில்லை.